கைத்தொலைபேசியில் இணைய வானொலி: எதற்கு உதவும், எப்போது உதவாது?

இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் இன்று வானொலிப்பெட்டி இல்லை. ஆனால் வீட்டில் ஒருவரிடமாவது தொடுதிரையுள்ள கைத்தொலைபேசி இருக்கின்றது. "இனி றேடியோ எதற்கு? எல்லாம் போனிலேயே கேட்கலாம்தானே" என்று பலர் எம்மிடம் கூறுவதுண்டு. இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறியும்பொருட்டு, இணைய வானொலிச் செயலியொன்றைப் படுவான்கரையில் சில குடும்பங்களோடு சேர்ந்து சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தோம். நாம் கண்டவற்றை இங்கு தருகின்றோம்.

வானொலியும் நாமும்

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆரம்பமானது. எமது வாவியின் பாடும் மீன்களின் ஓசையை 1960களில் நாடெங்கும் கேட்கச் செய்தது இலங்கை வானொலியே. அதற்குத் துணைநின்றவர் அருட்தந்தை லாங் என்னும் கத்தோலிக்கக் குரு.

யுத்த காலத்தில் வானொலி பொழுதுபோக்குச் சாதனமாக மட்டும் இருக்கவில்லை. எங்கே என்ன நடக்கின்றது, பாதை திறந்திருக்கின்றதா, ஊருக்குத் திரும்பலாமா என்பதை அறிய மக்கள் அதனைச் சுற்றி அமர்ந்தனர். மின்கலத் தட்டுப்பாடு நிலவிய 1990களில் வடக்கில் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்களும் உண்டு. லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசையும், மணிலாவிலிருந்து வெரித்தாஸ் தமிழ்ப்பணியும், உரோமையிலிருந்து வத்திக்கான் வானொலியும் சிற்றலையில் வந்தன. சிற்றலை வானின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி, கடல்களைக் கடந்து வரும். அதனைக் கேட்க ஊரில் கோபுரம் எதுவும் வேண்டியதில்லை.

அந்தக் காலம் மாறிவிட்டது. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழ் வானொலி 2017 ஏப்ரல் 30ஆம் திகதியுடன் சிற்றலையிலிருந்து விடைபெற்றது. வெரித்தாஸ் வானொலி 2018 ஜூன் மாதத்துடன் சிற்றலையை நிறுத்தி இணையத்துக்குச் சென்றது. பழைய பெட்டியில் காணாமற்போன குரல்கள் சில இணையத்தில் இருக்கின்றன. ஆகவே இணைய வானொலியை அறிந்துகொள்வது எமக்குப் பயனுள்ளதே.

இணைய வானொலி எவ்வாறு இயங்குகின்றது?

எவ்.எம். வானொலியைக் கோயில் மணிக்கு ஒப்பிடலாம். மணி ஒருமுறை அடித்தால் சுற்றிலும் உள்ள அனைவருக்கும் கேட்கும். பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் மணியின் செலவு ஒன்றுதான். கேட்பவர் எவரும் பணம் செலுத்துவதில்லை.

இணைய வானொலியோ கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளுவதைப் போன்றது. நிலையத்தின் ஒலி சிறுசிறு துண்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனித்தனியே அனுப்பப்படுகின்றது. கேட்கும் ஒவ்வொருவரும் தமது குடத்தில் தாமே அள்ளவேண்டும். அதற்குரிய டேட்டாவை அவரவர் ரீலோட் பணத்தில் வாங்கவேண்டும்.

துண்டுகள் சிலவற்றை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்ட பின்னரே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும். ஒரே நிலையத்தை வானொலிப்பெட்டியிலும் தொலைபேசியிலும் அருகருகே வைத்துக் கேட்டபோது, தொலைபேசியில் செய்தி பிந்தியே தொடங்கியது. வீட்டு வாசலில் தெளிவாகக் கேட்ட நிகழ்ச்சி, வயல் வாடிக்குச் சென்றதும் விட்டுவிட்டு வந்தது. கோபுரத்தின் அலை அங்கே மெலிந்திருப்பதே காரணம்.

செலவு எவ்வளவு?

பேச்சு நிகழ்ச்சிகளைத் தெளிவாகக் கேட்க 64 கிலோபிட் என்னும் அளவு போதுமானது. இந்த அளவில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 29 மெகாபைட் டேட்டா செலவாகும். ஒரு ஜிகாபைட்டில் சுமார் 34 மணித்தியாலம் கேட்கலாம். 128 கிலோபிட்டில் ஒலி இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் செலவு இரட்டிப்பாகும். நாளொன்றுக்கு 2 மணித்தியாலம் கேட்கும் குடும்பத்துக்கு மாதம் ஒன்றுக்கு முதலாவது அளவில் சுமார் 1.7 ஜிகாபைட்டும், இரண்டாவது அளவில் சுமார் 3.5 ஜிகாபைட்டும் வேண்டும். வீடியோ பார்ப்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய அளவே. எனினும் அன்றாடக் கூலியில் ரீலோட் செய்பவர்கள் கணக்குப் பார்த்தே கேட்கவேண்டும்.

முயன்று பார்ப்போருக்கு

1. உங்கள் தொலைபேசியில் ஏற்கெனவே எவ்.எம். வானொலி இருக்கின்றதா என்று முதலில் பாருங்கள். காதில் மாட்டும் வயரைச் செருகினால் அதுவே அன்டெனாவாகி, டேட்டா இன்றியே நிலையங்கள் கேட்கும். எல்லாத் தொலைபேசிகளிலும் இவ்வசதி இல்லை.

2. செயலியைத் தொலைபேசியிலுள்ள உத்தியோகபூர்வச் செயலிக் கடையிலிருந்தே இறக்குங்கள். டியூன்இன், ரேடியோ கார்டன் போன்றவற்றை இலவசமாகப் பெறலாம். இடையில் விளம்பரங்கள் வரும். 2016இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட ரேடியோ கார்டனில் பூகோள உருண்டை ஒன்று தோன்றும். அதிலுள்ள பச்சைப் புள்ளியைத் தொட்டால் அந்த ஊரின் வானொலி ஒலிக்கும். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் முதியோருக்கும் இது இலகுவாயிருந்தது.

3. வானொலிச் செயலிக்கு உங்கள் தொலைபேசி இலக்கப் பட்டியலோ புகைப்படங்களோ தேவையில்லை. அவற்றைப் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

4. ஒலியின் தரத்தைத் தெரிவுசெய்யும் வசதி செயலியில் இருப்பின், குறைந்த தரத்தைத் தெரிவுசெய்யுங்கள். கேட்கும்போது திரையை அணைத்துவிடுங்கள். மின்கலம் கூடிய நேரம் தாங்கும்.

5. கேட்டு முடிந்ததும் செயலியை நிறுத்துங்கள். நித்திரைக்குப் போனவரின் தலைமாட்டில் விடியும்வரை ஒலித்து டேட்டா முழுவதும் தீர்ந்துபோவது வழக்கமாய் நடப்பது.

கேட்டதெல்லாம் செய்தியல்ல

எவ்.எம். நிலையம் நடத்த அரசின் அனுமதி வேண்டும். இணையத்திலோ ஒரு கணினியும் ஒலிவாங்கியும் உள்ள எவரும் எந்த நாட்டிலிருந்தும் வானொலி நடத்தலாம். புலம்பெயர்ந்த எம்மவர் நடத்தும் வானொலிகள் பல நல்ல பணி செய்கின்றன. என்றாலும் காணி விடுவிப்பு, மீள்குடியேற்றம், நட்டஈடு, விண்ணப்ப முடிவுத் திகதி ஆகியவை பற்றி எந்த வானொலியில் கேட்டாலும் உடனே மூட்டை முடிச்சோடு புறப்படாதீர்கள். கிராம சேவையாளரிடமோ பிரதேச செயலகத்திலோ விசாரித்து, இயன்றால் எழுத்தில் பெற்ற பின்னரே செயற்படுங்கள். பயிர்நோய், பசளை பற்றிய ஐயங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கத்தை அழைக்கலாம்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

நாம் வற்புறுத்த விரும்புவது இதனையே. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை எமது முதியோர் மறக்கவில்லை. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் எமது வெள்ளாமையை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது, நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன.

மின்சாரம் நின்றால் தொலைபேசிக் கோபுரம் தனது மின்கலத்தில் சிறிது நேரமே இயங்கும். மின்பிறப்பாக்கி இல்லாவிட்டால் அதன்பின் அடங்கிவிடும். கோபுரம் அடங்கினால் இணைய வானொலியும் அடங்கும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படுகின்றன என்ற அறிவித்தல் எமக்கு மிகவும் தேவைப்படும் அந்த வேளையிலேயே அது வாய்மூடிவிடலாம். தொலைவிலுள்ள ஒலிபரப்பு நிலையம் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தால், இரண்டு மின்கலங்களில் ஓடும் சிறிய வானொலிப்பெட்டி பல நாட்களுக்கு அதன் குரலைத் தரும்.

எனவே பழைய பெட்டி இருந்தால் விற்காதீர்கள். இல்லாதவர்கள் நான்கைந்து வீட்டார் சேர்ந்தாவது ஒன்றை வாங்குங்கள். மாரி தொடங்குமுன் புதிய மின்கலங்களை வாங்கி, தண்ணீர் புகாத பையில் வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பலருக்கு ஒரு தொலைபேசி

கிணற்றில் ஒருவர் அள்ளிய தண்ணீரைப் பலர் குடிக்கலாம். எமது நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. மகாவலித் திட்டத்தினால் இடம்பெயர்ந்து குடியேறிய விவசாயிகளுக்காக 1980களில் மகாவலி சமூக வானொலி ஏற்படுத்தப்பட்டது. 1986இல் கிராந்துருக்கோட்டையிலும் 1989இல் கொத்மலையிலும் நிலையங்கள் தொடங்கின. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் கொத்மலை நிலையத்துக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. கிராமத்தவர்கள் கேள்விகளை அனுப்பினர். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, மக்களின் மொழியில் வானொலியில் விளக்கினர். கணினியைக் கண்ணாலும் காணாதவர்கள் அதன் பயனைப் பெற்றனர்.

நாமும் இதனைச் செய்யலாம். வாரத்தில் ஒருநாள் மாலை, ஒரு தொலைபேசியைச் சிறிய ஒலிபெருக்கியில் இணைத்து, மாதர் சங்கமோ விவசாய அமைப்போ கூடிப் பயனுள்ள ஒரு நிகழ்ச்சியைக் கேட்கட்டும். டேட்டாச் செலவைப் பகிர்ந்துகொள்ளட்டும். கேட்டு முடிந்தபின் அரை மணித்தியாலம் கலந்துரையாடட்டும். எமது அனுபவத்தில் அந்தக் கலந்துரையாடலே கூடிய பயன் தந்தது. விதைநெல் பற்றிய நிகழ்ச்சியொன்று முடிந்ததும், எந்த வட்டையில் எந்த இனம் வெள்ளத்தைத் தாங்கியது என்று முதியவர்கள் சொல்லத் தொடங்கினர். அதனை எந்தச் செயலியிலும் பெறமுடியாது.

சமூகத் தொடர்புச் சாதனங்கள் மக்களின் பொதுநன்மைக்கு உதவவேண்டும் என்பதனை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே எடுத்துரைத்தது. தூரத்துக் குரல்களுக்குத் தொலைபேசியையும், ஆபத்து வேளைக்குச் சிறிய வானொலிப்பெட்டியையும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் அயலவரோடு சேர்ந்து கேட்போம். இம்மாரிக்கு முன்னர் உங்கள் கிராமத்தில் எத்தனை வானொலிப்பெட்டிகள் இயங்கும் நிலையில் உள்ளன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.