மறைக்கலாம், வெட்டக்கூடாது

மெல்லிய வெள்ளைச் சட்டைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால், இடது விலாப் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு நிழல் தெரியும். துவைக்கும் முறை அச்சிட்ட லேபிள் அது. நேரில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நடமாடும் உடம்பில் அந்த நிழல் வருவதும் போவதுமாக இருக்கும். புகைப்படத்தில் அது நகராது, பார்க்கிறவர் கண்ணும் அதைவிட்டு நகராது. இறுக்கமான பின்னலாடையில் இதே துணித்துண்டு இடுப்பில் ஒரு மேடாகப் புடைக்கும். அகலக் கழுத்து ரவிக்கையில் தோளோரம் நாக்கை நீட்டும். அதனால்தான் பத்திரிகை, விளம்பரப் படப்பிடிப்புகளில் மாடல் வந்து சேர்வதற்கு முன்பே ஸ்டைலிஸ்டோ அவருடைய உதவியாளரோ ஒவ்வோர் உடையையும் உள்புறம் திருப்பி, எங்கெங்கே என்ன தைத்திருக்கிறது, என்ன தொங்குகிறது என்று பார்த்துவிடுகிறார். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவரின் கை முதலில் கத்தரிக்குத்தான் போகும். லேபிளை வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று தோன்றும். அது பெரும்பாலும் தவறான முடிவு. ஏன் தவறு என்று பார்த்தாலே இந்தக் கைத்தொழிலின் பாதி விளங்கிவிடும்.

லேபிள் என்று ஒரே சொல்லால் சொன்னாலும் ஓர் உடையில் இருப்பவை பல. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் பனியன் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பின்கழுத்தில் நிறுவனத்தின் பெயர் நெய்த மெயின் லேபிள், அதன் அடியில் சைஸ் லேபிள், விலாத் தையலுக்குள் வாஷ் கேர் லேபிள், வெளியே தொங்கும் விலை அட்டை. உலகின் பல நாட்டுக் கடைகளுக்குப் போகும் பின்னலாடைகளில் இவற்றையெல்லாம் தைத்து அனுப்பும் ஊர் திருப்பூர். எந்த லேபிள் எந்தத் தையலில், எத்தனை அங்குல உயரத்தில் வரவேண்டும் என்பது அங்கே ஒவ்வோர் ஆர்டரிலும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்படும் விவரம். விலை அட்டையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இழைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1960களில் அமெரிக்காவின் டென்னிசன் நிறுவனம் அதைப் பரப்பியது. இழையின் ஒரு முனையில் குறுக்குக்கட்டை ஒன்று இருக்கும். அட்டை மாட்டும் கருவியான டேக் கன்னின் விசையை அழுத்தினால், அந்தக் கட்டை உள்ளீடற்ற ஊசிக்குள் நீளவாக்கில் படுத்தபடி துணியைக் கடந்து, மறுபுறம் போனதும் குறுக்கே திரும்பி நின்றுகொள்ளும். வெட்டாமல் அதை வெளியே எடுக்க முடியாது. ஒருமுறை வெட்டிய இழையை மறுபடி மாட்ட முடியாது என்பதுதான் அதன் பயனே.

லேபிளை விளம்பரப் பலகையாக மட்டும் பார்ப்பவருக்கு அதை வெட்டுவதில் தயக்கம் இருக்காது. தொடக்கத்தில் அது அப்படித்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிசில் கடை நடத்திய சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த், ஓவியர் கையெழுத்திடுவதுபோல் தான் தைத்த உடைகளில் தன் பெயரைத் தைத்துப் பதித்தார். 20ஆம் நூற்றாண்டில் லேபிளின் வேலை மாறியது. அமெரிக்காவில் 1939இல் கம்பளி உடைகளுக்கும் 1958இல் மற்ற இழைகளுக்கும் சட்டம் வந்து, துணி எந்த இழையால் ஆனது என்று உடையிலேயே சொல்லவேண்டியதாயிற்று. எப்படித் துவைப்பது என்று சொல்லவேண்டும் என்ற விதி 1971இல் வந்து 1972இல் நடைமுறையானது. ஐரோப்பாவில் 1963இல் உருவான ஜினெடெக்ஸ் அமைப்பு, எழுத்தில்லாமல் படத்தாலேயே இதைச் சொல்லும் வழியை வகுத்தது. தொட்டி துவைப்பதையும், முக்கோணம் வெளுப்பதையும், சதுரம் உலர்த்துவதையும், இஸ்திரிப் பெட்டி தேய்ப்பதையும், வட்டம் டிரை கிளீனிங்கையும் குறிக்கும். இன்று விலாவில் தொங்கும் அந்தச் சிறு துணி அந்த உடையின் மருத்துவக் குறிப்பு.

படப்பிடிப்பு நாளில் அந்தக் குறிப்பு வேறெந்த நாளையும்விட அதிகம் தேவைப்படும். பெட்டியிலிருந்து எடுத்த உடை கசங்கியிருக்கும், ஸ்டீமரை எடுப்பார்கள். இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குக் கீழே ஆவிக்கோடுகளின் மேல் பெருக்கல் குறி இருந்தால் ஆவி கூடாது என்று பொருள். அதைப் படிக்காமல் ஆவி பிடித்தால் விஸ்கோஸ் க்ரேப் கண்முன்னே சுருங்கக்கூடும், பட்டில் நீர்த்திட்டு விழக்கூடும். பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, மூன்று இருந்தால் அதிகச் சூடு. இதைவிடப் பெரிய ஆபத்து அசிட்டேட். பார்க்கப் பட்டுபோல் மினுமினுக்கும் அந்தத் துணி கோட்டுகளின் உள்லைனிங்கில் மிகவும் சாதாரணம். கழுத்தில் ஒட்டிய டேப்பின் பசையையோ சிந்திய நகப்பூச்சையோ நீக்க அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியை அதன்மேல் தொட்டால், கறை போவதோடு துணியும் கரைந்து ஓட்டை விழும். ஒப்பனை மேசையில் அந்தப் புட்டி எப்போதும் இருக்கும். பட்டா அசிட்டேட்டா என்று விரலால் தடவிச் சொல்லுவது தேர்ந்தவருக்கும் கடினம், லேபிளில் ஒரே சொல்லில் எழுதியிருக்கும். ஒப்பனைக் கறை படிந்த காலரைச் சலவைக்கு அனுப்பும்போதும் எந்தக் கரைப்பான் தாங்கும் என்பதை வட்டத்துக்குள் இருக்கும் எழுத்துதான் சொல்லும். முதலில் லேபிளை வெட்டிவிட்டுப் பிறகு உடையைச் சரிசெய்ய உட்காருகிறவர், மருந்துச்சீட்டைக் கிழித்துவிட்டு மருந்து தேடுகிறார்.

உடைமைக் கேள்வியும் இருக்கிறது. படத்தில் வரும் உடைகளில் பல படம் எடுப்பவருக்குச் சொந்தமல்ல. வடிவமைப்பாளர் அனுப்பிய மாதிரி உடையாகவோ, கடையிலிருந்து எழுதிக் கொடுத்து வாங்கிவந்த இரவலாகவோ இருக்கும். அமெரிக்காவில் பெரிய கடைகள் சிலவற்றில் படப்பிடிப்புக்கென்றே உடை தரும் தனிப் பிரிவுகள் உண்டு. வேண்டியதை எடுத்துச்சென்று, பயன்பட்டதற்கு விலையோ குறிப்பிட்ட பங்கோ கொடுத்து, மீதியைத் திருப்பலாம். திருப்பும் உடையில் அட்டையும் லேபிளும் இருந்தால்தான் கடை அதை மறுபடி விற்க முடியும். அந்நாட்டு 1958ஆம் ஆண்டுச் சட்டம், கடைசி நுகர்வோர் கைக்குப் போய்ச் சேரும்வரை இழை விவரம் சொல்லும் லேபிளை நீக்குவதையோ சிதைப்பதையோ தடைசெய்கிறது. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அட்டையை மறைத்து வைத்துப் படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவது ஏமாற்று அல்லவா? கடைக்குத் தெரியாமல் செய்தால் ஏமாற்றுத்தான், சந்தேகமே இல்லை. சாதாரண வாடிக்கையாளர்போல் வாங்கி, அணிந்து, அணியாததுபோல் திருப்புகிறவர் அந்தக் கடைக்காரருக்கும் அந்த உடையைப் புதிதென்று நம்பி அடுத்து வாங்குகிறவருக்கும் துரோகம் செய்கிறார். நான் சொல்லும் கைத்திறன் அனுமதியோடு பெற்ற உடைக்கானது. இரவல் பொருளை வந்தபடியே திருப்பித் தரும் கடமையிலிருந்து பிறந்தது அது.

எப்படி மறைப்பது? முதல் வேலை, உடையைத் தொடுவதற்கு முன் லேபிளையும் அட்டையையும் இரண்டு பக்கமும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது. பிறகு தொங்கும் அட்டையை அதே இழையோடு கைக்குழிக்குள்ளோ, சட்டைப்பைக்குள்ளோ, இடுப்புப் பட்டைக்குள்ளோ தள்ளலாம். அட்டையின் கருப்பு மை வியர்வையில் ஊறித் துணியில் ஏறும் என்பதால், முதலில் அதை டிஷ்யூ தாளில் சுற்றுவார்கள். அசையாமல் இருக்க மருத்துவமனைகளில் பயன்படும் காகித டேப் போதும். பசை மென்மையானது, பெரும்பாலான துணிகளில் தடம் விடாது. ஆனாலும் வெல்வெட்டிலும் மெருகேற்றாத தோலிலும் எந்த டேப்பையும் ஒட்டக்கூடாது. காணொளியும் எடுக்கிறார்கள் என்றால் கவனம் இரட்டிக்க வேண்டும். நெஞ்சருகே விட்ட அட்டை, காலரில் குத்திய மைக்கில் மொறுமொறுவென்று பேசும். துருத்தும் வாஷ் கேர் லேபிளை விலாத்தையலின் உள்மடிப்போடு சேர்த்து, நூலின் நிறம் பார்த்து, இரண்டு மூன்று இடத்தில் தளர்வாக நூலோட்டினால் படிந்துகொள்ளும். ஊசி மேல்துணியைத் தொடக்கூடாது, தையல் மடிப்பை மட்டும் பிடிக்க வேண்டும். அட்டையைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால் கடையிடம் கேட்டுக் கழற்றலாம். மறுபடி மாட்டும்போது டேக் கன்னின் ஊசியைப் புதிதாகத் துணியில் குத்தாமல், லேபிளின் மடிப்பு வழியாகவோ பழைய துளை வழியாகவோ விடுவது நல்லது. மெல்லிய துணிக்கென்று நுண்ணிய ஊசி தனியே உண்டு. திருட்டைத் தடுக்கும் கட்டையை மட்டும் யாரும் தாமாகக் கழற்ற முயலக்கூடாது. சிலவற்றுக்குள் மைக்குப்பி இருக்கிறது, உடைந்தால் உடை போயிற்று.

நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிய துணியில் இவை எதுவும் பலிக்காது. அப்போதும் கத்தரி வேண்டாம். தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து லேபிளை முழுதாக எடுத்து, உடையின் எண் எழுதிய உறையில் போட்டு வைத்து, படம் முடிந்ததும் அதே தையலில் திரும்பத் தைக்கவேண்டும். தையலுக்குள் செருகிய லேபிளுக்கு இது எளிது. நான்கு பக்கமும் மேலேயே தைத்த லேபிளைச் சாட்டின் பட்டிலிருந்து பிரித்தால் ஊசித்தடம் நிற்கும், தோலிலிருந்து பிரித்தால் துளைகள் என்றைக்கும் மூடா. அந்த உடைகளை அப்படியே விட்டுவிட்டு ஒளியையோ நிற்கும் கோணத்தையோ மாற்றச் சொல்வதே சரி. நீக்கியே தீரவேண்டிய லேபிளும் ஒன்று உண்டு. கோட்டின் கைமுனையில் நான்கு தையலில் நிற்கும் நிறுவனப் பட்டை அணிவதற்காகத் தைத்ததல்ல, கடையில் தொங்கும்போது அடையாளம் தெரிவதற்காகத் தைத்தது. கல்யாண வீட்டு வரவேற்பில் அதோடு நிற்கும் மாப்பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பின்பிளவைப் பெருக்கல் குறியாகப் பிடித்திருக்கும் நூலும் அப்படித்தான். இரவல் கோட்டு என்றால் கேட்டுவிட்டுப் பிரிக்கவேண்டும்.

கணினியில் அழித்துவிடலாமே, எதற்கு இத்தனை பாடு என்பார்கள். ஒரே ஒரு படம், சமதளத் துணி என்றால் அழித்துவிடலாம்தான். மெல்லிய துணியின் வழியே தெரியும் நிழலை அழிப்பது வேறு வேலை. துணியின் நெசவும் மடிப்பும் உள்ளே தெரியும் தோல் நிறமும் ஒன்றாகக் கலந்த இடம் அது. ஒரு படத்தில் சரிசெய்தது அடுத்த படத்தில் மடிப்பு மாறியதும் உதவாது. ஒரே உடையில் நூறு படம் எடுத்தால் நூறு முறை செய்யவேண்டும், காணொளியில் இன்னும் பல மடங்கு. மூன்று நூலோட்டம் ஐந்து நிமிட வேலை. இணையக் கடைகளுக்காக உள்ளே ஆள் இல்லாததுபோல் காட்டும் படங்களில் நிலைமை தலைகீழ். அங்கே பொம்மையை அழித்துவிட்டு, தனியே எடுத்த பின்கழுத்தின் உள்பக்கப் படத்தை ஒட்டுகிறார்கள். அந்த உள்பக்கத்தின் நடுவில் இருப்பது மெயின் லேபிள். அது கோணலாகவோ கசங்கியோ இருந்தால் உடையே மட்டமாகத் தெரியும். நேற்று மறைத்த லேபிளை இன்று இஸ்திரி போட்டுக் காட்டவேண்டிய தொழில் இது. வெட்டியவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

என் சொந்த உடையை நான் வெட்டினால் யாருக்கு என்ன நட்டம் என்பது கடைசி மறுப்பு. உறுத்தும் லேபிளோடு யாரும் அவதிப்படவேண்டியதில்லை, பிரித்து எடுத்துப் பத்திரப்படுத்தினால் போதும். பழைய உடைகளைப் படத்துக்குத் தேடுகிறவர்களுக்கு லேபிள்தான் பிறப்புச் சான்று. அமெரிக்கப் பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கமான ஐஎல்ஜிடபிள்யூயூ 1995இல் வேறொரு சங்கத்தோடு இணைந்தது. ஆகவே அதன் பெயர் நெய்த லேபிள் உள்ள உடை அதற்கு முந்தியது. ஹாலிவுட்டுக்கு உடை வாடகைக்குத் தரும் வெஸ்டர்ன் காஸ்ட்யூம் நிறுவனம் நடிகரின் பெயரைத் தட்டச்சிட்டு உடைக்குள் தைத்தது. எந்த உடையை யார் அணிந்தார் என்று பின்னாளில் அறிய உதவியது அந்தத் துண்டு. தையல் லேபிளே இல்லாத நம் பட்டுப் புடவைக்கும் ஒரு சான்று உண்டு. மத்திய பட்டு வாரியம் 2004இல் தொடங்கிய சில்க் மார்க், ஹாலோகிராம் ஒட்டிய அட்டையாகப் புடவையோடு வருகிறது. கடையிலிருந்து புடவை வாங்கிவந்து படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்த அட்டையை அறுத்து வீசாதீர்கள், புடவையில் ஸ்டேப்ளர் பின்னையும் குத்தாதீர்கள். முந்தானைக் குஞ்சத்தில் நூலால் கட்டி மடிப்புக்குள் மறைத்துவிட முடியாது என்றால், நூலை அவிழ்த்து எடுத்து உறையில் வைத்து, புடவை திரும்பும்போது அதோடு திரும்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.