கைமாறிய உரிமையும் கொழும்பின் பேரங்காடிகளும்

கொழும்பின் பேரங்காடிகளை நிறுவன உரிமை கைமாறிய வரலாற்றினின்றும் பிரித்து நாம் நோக்குதல் இயலாது. 1844இல் கண்டியில் தொடங்கப்பெற்ற கார்கில்ஸ், 1946இல் சிற்றம்பலம் கார்டினர் வசமாயிற்று. அவர் முன்னர் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ் 1981இல் அதன் கட்டுப்பாட்டுரிமையைக் கொள்வனவு செய்தது. 1983இல் ஸ்டேபிள் வீதியில் கார்கில்ஸின் முதற் பேரங்காடி எழுந்தது. அவ்வாண்டு யூலையிலேயே வெள்ளவத்தையில் தமிழர் கடைகள் எரியூட்டப்பட்டன. மீண்டெழுந்தவை முதலிழந்த நிலையிலேயே புதிய போட்டியை எதிர்கொண்டன.

உரிமையோடு களஞ்சியமும் விநியோகமும் ஒரு கைக்குச் சேரும்போது, மொத்தக் கொள்வனவு விலையைத் தீர்மானிக்கும் வலுவும் அக்கைக்கே சேர்கின்றது. கொட்டாஞ்சேனைச் சிறுகடைக்கு எஞ்சும் பலம் கடன் கொப்பியே. பேரங்காடி கொப்பியில் எழுதி அரிசி தருவதில்லை. ஆதலால், அக்கொப்பி மூடப்படுமாயின் இழப்பு கடைக்காரருக்கு மட்டுமன்று. நாட்கூலியில் வாழும் குடும்பங்களுக்கும் உரியதாகும்.