கூழ் கேட்காத அம்மன்

சித்தேரி மலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இன்று மூன்று தாய்மார்களைத் தெரியும். ஊர் அம்மனைப் பால் குடிக்கும் வயதிலிருந்தே தெரியும். காலை வணக்கத்தில் பாடுகிற பாட்டில் வருபவள் தமிழ்த்தாய். ஆகஸ்ட் 15 மாறுவேடப் போட்டியில் ஜிகினாத்தாள் ஒட்டிய அட்டைக் கிரீடமும் அம்மாவின் பட்டுப் புடவையுமாக, கையில் கொடி பிடித்து நிற்கிற சிறுமி பாரத மாதா. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இந்த மலையில் முதலாமவள் மட்டும்தான் இருந்தாள்.

அரூர்ப் பக்கத்திலிருந்து ஏறிப் போகிற இந்த மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், கரியராமன் சாமியும் கூடவே வந்தார் என்பது கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இந்த மக்களிடையே வழங்கும் கதை. சாமி ஆட்களோடு நடந்து வரும். அம்மனோ மண்ணோடு ஒட்டிக்கொண்டவள். தர்மபுரிச் சீமையில் மலையானாலும் தரையானாலும் ஊருக்கு ஓர் அம்மன், அவளுக்கு ஓர் எல்லை. எல்லைக்கல்லைத் தாண்டினால் வேறொருத்தியின் ஆட்சி. ஆடியில் கூழ் ஊற்ற வேண்டும், பொங்கல் வைக்க வேண்டும். தவறினால் யார் மேலாவது இறங்கி, மழை ஏன் வரவில்லை என்று அவளே காரணம் சொல்வாள். வாய் திறந்து கேட்கிற தெய்வம்.

பாரத மாதா அப்படி யார் மேலும் இறங்கிக் கூழ் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவளும் நிலத்தின் உருவம்தான், பெண்தான், பல படங்களில் சிங்கம்கூட உண்டு. இருந்தாலும் ஊர் அம்மனின் பேச்சும் கோபமும் அவளிடம் வந்து சேரவில்லை.

நிலத்துக்குப் பெண் முகம் கொடுப்பது தமிழனுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிகிறபோது கண்ணகி முன் வந்து நிற்பவள் மதுராபதி, அந்த நகரத்தின் தெய்வம். நேருக்கு நேர் வரத் தயங்கி, கண்ணகியின் பின்பக்கமாக வந்து பேசுகிறாள். மணிமேகலையில் வரும் சம்பாபதி இன்னும் சுவாரசியமானவள். புகார் நகரின் காவல் தெய்வம் என்றுதான் பலரும் நினைத்திருப்போம். காப்பியத்தின் பதிகம் அவளை நாவலந்தீவுக்கே, அதாவது அன்றைக்கு அறிந்திருந்த இந்தியப் பெருநிலத்துக்கே உரிய தெய்வமாகக் காட்டுகிறது. பெருநிலம் முழுவதற்கும் ஒரே பெண் தெய்வம் என்ற எண்ணம் வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்தது என்று சொல்பவர்கள் இந்தப் பதிகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் சம்பாபதிக்கு வரைபடம் இல்லை, கொடி இல்லை, எதிரி நாடும் இல்லை. பாரத மாதாவுக்கு இந்த மூன்றும் வேண்டியிருந்தன.

ஐரோப்பாவிலும் இப்படித்தான் நடந்தது. பிரிட்டானியா என்ற பெண்ணை முதலில் காசில் அச்சடித்தவர்கள் ஆங்கிலேயர் அல்ல, ரோமானியர். ஜெயித்த தீவை ஒரு பெண்ணாக உட்காரவைத்து, பேரரசன் ஹாட்ரியன் காலத்தில் நாணயம் போட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1672இல், இரண்டாம் சார்லஸ் அதே பெண்ணைத் தன் செப்புக் காசில் பெருமையோடு பொறித்தான். தோற்றவளாக வந்தவள் எஜமானி ஆகிவிட்டாள். அந்த எஜமானிக்கு முன்னால் நம்மவள் நிற்கிற படமும் உண்டு. 1778இல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகக் கூரைக்காக ஸ்பிரிடியோனே ரோமா வரைந்தது. உயரத்தில் பிரிட்டானியா, கீழேயிருந்து கருநிறப் பெண்ணாக இந்தியா நகைகளை ஏந்திக் கொடுக்கிறாள். இந்தியாவை ஒற்றைப் பெண்ணாகத் தீட்டிய பழைய படங்களுள் இதுவும் ஒன்று. அதைத் தீட்டச் சொன்னவர்கள் கணக்குப் பிள்ளைகளும் பங்குதாரர்களும்.

இதைத் திருப்பிப் போட நூறு ஆண்டு ஆயிற்று. 1882இல் நூலாக வந்த பங்கிம் சந்திரரின் ‘ஆனந்த மடம்’ நாவலில் துறவிகளின் மடத்துக்குள் மூன்று சிலைகள். செழித்திருந்த அன்னை ஜகத்தாத்திரி, எல்லாம் பறிகொடுத்த இன்றைய அன்னை காளி, வரப்போகும் அன்னை துர்க்கை. வங்காளத்து வீடுகளில் கும்பிட்டுவந்த தெய்வங்களையே எடுத்து, நேற்று, இன்று, நாளை என்று வரிசைப்படுத்தினார் பங்கிம். 1905இல் வைஸ்ராய் கர்சன் வங்காளத்தைப் பிரித்தபோது அவனீந்திரநாத் தாகூர் வரைந்த பெண்ணோ காளியும் இல்லை, துர்க்கையும் இல்லை. காவி உடுத்த இளம் துறவி. நான்கு கைகளில் புத்தகம், நெற்கதிர், வெள்ளைத் துணி, செபமாலை. ஆயுதம் எதுவும் இல்லை. அவர் முதலில் வைத்த பெயர் வங்க மாதா. கேதாரநாத்திலிருந்து குமரி வரை ஒவ்வொரு குடியானவன் வீட்டுக்கும் இந்தப் படம் போக வேண்டும் என்று சகோதரி நிவேதிதை ஆசைப்பட்டார்.

அந்த நிவேதிதையைத்தான் பாரதி குருவாகக் கொண்டார். 1908இல் வந்த ‘ஸ்வதேச கீதங்க’ளை அவருக்கே சமர்ப்பித்தார். தமிழில் பாரத மாதாவுக்கு வாய் வந்தது பாரதியால். அவளுக்குத் திருப்பள்ளியெழுச்சியும் நவரத்தின மாலையும் பாடினார். பெருமாளுக்கும் சிவனுக்கும் பாடிய வடிவங்களில் ஒரு நாட்டை உட்காரவைப்பது துணிச்சலான காரியம். ‘இந்தியா’ இதழின் கருத்துப்படங்களிலும் அவள் வந்தாள். போலீஸுக்குத் தப்பிப் புதுச்சேரியில் இருந்த காலத்தில் களிமண்ணில் அவளுக்கு உருவமும் செய்வித்தார். புதுச்சேரி அன்று பிரெஞ்சுக் குடியரசின் மண். அந்தக் குடியரசுக்கும் மரியான் என்று ஒரு பெண் முகம் உண்டு. 1792இல் அரசனை இறக்கிவிட்டு முத்திரை செய்தபோது, விடுதலைத் தொப்பியும் ஈட்டியுமாக ஒரு பெண்ணை வைத்தார்கள். அதே ஆண்டு தென் பிரான்ஸின் வட்டார மொழிப் பாட்டொன்று ‘மரியான்’ என்ற பெயரைக் குடியரசுக்குச் சூட்டியது. அங்கே வீட்டுக்கு வீடு இருந்த பெயர் அது; நம்மூரில் மாரியம்மா என்பதைப் போல.

இதையெல்லாம் கல்லில் கட்ட நினைத்தவர் வத்தலக்குண்டில் 1884இல் பிறந்த சுப்பிரமணிய சிவா. 1908இல் வ.உ.சி.யோடு கைதானார். பத்தாண்டு தண்டனை, மேல்முறையீட்டில் ஆறாகக் குறைந்தது. 1912இல் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய். தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்றது சர்க்கார். அவர் நடந்தார், கட்டை வண்டியில் போனார்; ‘ஞானபாநு’ இதழை நடத்தினார், மேடை மேடையாகப் பேசினார், மறுபடி சிறைக்கும் போனார். கடைசியில் வந்து தங்கிய இடம் பாப்பாரப்பட்டி. தர்மபுரி அன்று தனி மாவட்டம் இல்லை, சேலத்தோடு சேர்ந்திருந்தது; பிரிந்தது 1965இல். சித்தேரி கிழக்குக் கோடி என்றால் பாப்பாரப்பட்டி மேற்கே, பென்னாகரம் பக்கம்.

அங்கே நிலம் வாங்கிப் பாரதபுரம் என்று பெயர் வைத்து ஆசிரமம் தொடங்கினார். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்டுவது அவருடைய தீராத ஆசை. 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். காசியில் சிவப்பிரசாத் குப்தா கட்டிய பாரத மாதா கோயிலைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். கருவறையில் சிலை இல்லாமல் பளிங்கில் செதுக்கிய நிலப்படம் மட்டுமே உள்ள அந்தக் கோயிலை காந்தி திறந்துவைத்தது 1936இல். பாப்பாரப்பட்டியின் அடிக்கல் அதற்குப் பதின்மூன்று ஆண்டு முந்தியது. ஆனால் கல்லுக்கு மேல் சுவர் எழும்பவில்லை. சிவா 1925 ஜூலை 23 அன்று அங்கேயே இறந்தார், வயது நாற்பது.

அவருடைய அன்னைக்குப் படம் தேவைப்படவில்லை என்று தோன்றுகிறது. நோய் தின்ற உடம்போடு ஊர் ஊராகப் போனவரைப் பார்த்தவர்களுக்கு ‘ஆனந்த மடத்து’ இரண்டாம் சிலையை விளக்கவும் வேண்டியிருக்காது. ஊர் அம்மன் கூழ் கேட்பாள். இந்த அம்மனுக்கு அவர் கொடுத்தது தன் உடம்பை.

தமிழ்த்தாய் வேறு வழியில் வந்தவள். 1891இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்துக்குப் பாயிரம் எழுதிய சுந்தரம் பிள்ளை, பூமியைப் பெண்ணாக்கி, பாரதக் கண்டத்தை அவள் முகமாக்கி, தக்காணத்தை நெற்றியாகவும் திராவிடத்தை அதில் இட்ட பொட்டாகவும் வைத்தார். பொட்டின் வாசனைதான் தமிழ். அவனீந்திரநாத் தூரிகை எடுப்பதற்குப் பதினான்கு ஆண்டு முன்பே நிலப்படத்தைப் பெண் உடம்பாகப் பார்த்த கண் இது. அந்தப் பாட்டின் ஒரு பகுதி 1970இல் அரசு விழாக்களின் வாழ்த்தாயிற்று, 2021இல் மாநிலப் பாடலாயிற்று. காரைக்குடியில் அவளுக்குக் கோயிலும் இருக்கிறது. சித்தேரிப் பிள்ளைகள் தினமும் பாடுவது இவளை. பாரத மாதாவோ வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான் பள்ளிக்கு வருகிறாள்.

அவள் மலையேறியது பெரும்பாலும் காலண்டர் வழியாகத்தான் இருக்க வேண்டும். நிவேதிதை ஆசைப்பட்டதைக் கடைசியில் நிறைவேற்றியவை சிவகாசி அச்சகங்கள். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மளிகைக்கடைக் காலண்டரில் வீடு வீடாகப் போன அதே வழியில், அதே சாயலில், பாரத மாதாவும் போனாள். காவித் துறவியின் மாலையும் கதிரும் போய், நகையும் கிரீடமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு கையில் மூவர்ணக் கொடி, சில படங்களில் காவிக்கொடி. வெயிலில் காய்ந்த வயற்காட்டுப் பெண் யாருடைய சாயலும் அந்த முகத்தில் ஒருபோதும் ஏறவில்லை. இது எனக்கு நெடுநாளாக உள்ள குறை.

ஏனென்றால் இந்த மலைக்கு நாடு வேறொரு முகத்தோடும் வந்திருக்கிறது. சித்தேரி மலையடிவாரத்தில் இருப்பது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளை அடித்து நொறுக்கினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. சீருடையில் வந்ததும் நாடுதான், முப்பத்தோரு ஆண்டு கழித்தாவது தீர்ப்பில் வந்ததும் நாடுதான். நாட்டைத் தாய் என்று சொல்கிறவர்கள் அந்தப் பெண்களின் வாக்குமூலத்தையும் அவள் பேச்சாகவே கேட்க வேண்டும்.

பாப்பாரப்பட்டியில் இப்போது சிவாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது, அரசு கட்டிய பாரத மாதா நினைவாலயமும் இருக்கிறது. நூற்றாண்டு நெருங்கிய வேளையில் அந்த அடிக்கல்லுக்கு ஒரு பதில். 2022 ஆகஸ்டில், சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்தின்போது, ஒரு கட்சியினர் நினைவாலயத்தின் பூட்டை உடைத்து உள்ளே போய் மாலை போட்டார்கள். வழக்கு, கைது எல்லாம் நடந்தன. சிவா நினைத்தது கோயில்தான், அதில் சந்தேகமில்லை. அரசுக்கு அது நினைவிடம். பூட்டை உடைத்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அன்னையைப் பூட்டி வைக்க என்ன அவசியம் என்று யாரும் உரக்கக் கேட்கவில்லையே என்பது உறுத்துகிறது. காலையில் திறந்து மாலையில் சாத்தலாம். கற்பூரம் ஏற்றுகிறவர் ஏற்றட்டும், சும்மா பார்க்கிறவர் பார்க்கட்டும்.

2025 ஜூனில் கேரள ஆளுநர் மாளிகை விழாக்களில் காவிக்கொடி ஏந்திய பாரத மாதா படத்தை வைத்தார்கள் என்று அமைச்சர் ஒருவர் விழாவைப் புறக்கணித்தார், இன்னொருவர் பாதியில் வெளியேறினார். அவர்கள் சண்டை தாயோடு அல்ல, அவள் கையிலிருந்த கொடியோடு. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று ஆர்.எஸ்.எஸ். நூற்றாண்டுக்காக மத்திய அரசு 100 ரூபாய் நாணயம் வெளியிட்டது. இந்திய நாணயத்தில் பாரத மாதா உருவம் வந்தது அதுவே முதல் தடவை, பக்கத்தில் சிங்கம். நினைவு நாணயம் என்பதால் அது புழக்கத்துக்கு வராது. சேகரிப்பவர்கள் பணம் கட்டி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள், அரூர் பஸ்ஸில் சில்லறையாக யார் கைக்கும் கிடைக்காது. இரண்டாம் சார்லஸ் பிரிட்டானியாவைப் பொறித்தது அரைப் பென்னியிலும் கால் பென்னியிலும். லண்டனில் ரொட்டி வாங்குகிற ஏழையின் கையில் புரண்ட காசு அது.