விழுப்புண்ணும் வாக்குச்சீட்டும்

உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மேற்கு மலைத்தொடரின் கிளைக்குன்றுகள் சமவெளியில் வந்து இறங்கும் இடத்தில் அமைந்த எழுமலையிலும், அதைச் சூழ்ந்த சேடப்பட்டி, பேரையூர் வட்டாரத்துக் கிராமங்களிலும், போஸ் என்றும் சுபாஷ் என்றும் நேதாஜி என்றும் பெயர் பூண்ட மனிதர்களைக் காண்பது வெகு சாதாரணம். வங்கக் குடும்பமொன்றில் பிறந்த ஒரு தலைவரின் நாமம், மானாவாரிக் காடுகளையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பிப் பிழைக்கும் இம்மக்களிடையே, குலதெய்வத்தின் பெயருக்கு அடுத்த கௌரவத்தோடு பிள்ளைகளுக்குச் சூட்டப்படலாயிற்று என்றால், அதற்குத் தக்க சரித்திரக் காரணம் உண்டு. 1939 மே மாதத்தில் பார்வர்டு பிளாக்கைத் தோற்றுவித்த சுபாஷ் சந்திர போஸ், அதே ஆண்டு செப்டம்பரில் மதுரைக்கு வந்தார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அக்கட்சியைத் தென்பாண்டி நாட்டில் வேரூன்றச் செய்தார். அவருக்குப் பின் பாப்பாபட்டி மூக்கையாத் தேவர் உசிலம்பட்டித் தொகுதியில் பல தேர்தல்களில் வென்று அந்த வேர் பட்டுப்போகாமல் காத்தார்.

இந்தப் பக்தியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சேனாதிபதியின் உடுப்பில் நிற்கும் நேதாஜியின் படத்துக்கு மாலையிடும் இவ்வட்டாரத்து மக்கள், தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கப் புகும்போது, ‘நீர் எந்தப் பட்டாளத்தில் இருந்தீர்?’ என்று ஒருவரையும் கேட்பதில்லை. பட்டாளத்துக்குப் போனவர்கள் இல்லாத குறையா என்றால், அதுவும் அன்று. இரும்பு டிரங்குப் பெட்டியோடு விடுமுறைக்கு வந்திறங்கும் ‘மிலிட்டரிக்காரரை’ அறியாத ஊர் இப்பக்கத்தில் அபூர்வம். விடியற்காலையில் சாலையோரமாக ஓடிப் பழகும் இளைஞர்கள், ராணுவத்துக்கோ போலீசுக்கோ ஆள் எடுக்கும் நாளை மனத்தில் வைத்து ஓடுகிறவர்கள். மிலிட்டரிக்காரரின் வார்த்தைக்கு ஊரில் மதிப்பு உண்டு. அவர் வாங்கி வரும் கேன்டீன் சாமான்களுக்கு அதைவிட மதிப்பு உண்டு. ஆனால் பட்டாளத்தில் இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக அவரைச் சட்டசபைக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் மட்டும் நம்மவர்க்கு உதித்ததில்லை.

அமெரிக்க தேசத்தில் வழக்கம் வேறு. அங்கே தலைமைப் பதவியை நாடுகிறவர் எந்தக் கொள்கையை நிறைவேற்றப் போகிறார் என்பதைவிட, யுத்தகாலத்தில் அவர் எங்கே இருந்தார் என்ற கேள்வி சில சமயம் உரத்து ஒலிக்கும். 2004 இல் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ஜான் கெர்ரி, வியட்நாமின் ஆறுகளில் ரோந்துப் படகு செலுத்திப் பதக்கங்கள் பெற்றவர். அப்பதக்கங்களுக்கு அவர் உரியவர்தாமா என்று, அதே யுத்தத்தில் படகு செலுத்திய வேறு சிலர் தொலைக்காட்சி விளம்பரம் செய்து கேட்டார்கள். எதிர்த்து நின்ற ஜார்ஜ் புஷ்ஷோ டெக்ஸாஸ் மாநிலத்து விமானக் காவற்படையில் இருந்துகொண்டு வியட்நாம் பக்கமே போகாதவர். முடிவில் வென்றவர் அவரே. 1967 இல் ஹனாய் நகரின்மேல் பறக்கையில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையில் வதைபட்ட ஜான் மெக்கெயினை, பகைவரிடம் பிடிபட்டவர் எப்படி வீரராவார் என்ற பொருள்பட 2015 இல் ஏளனம் செய்த டொனால்டு டிரம்ப், ஒரு நாளும் ராணுவத்தில் பணியாற்றாதவர். அவரும் அடுத்த ஆண்டே வென்றார்.

நம் நாட்டில் அந்த ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது சிறைவாசம். அந்நிய ஆட்சியின் சேனையில் சேர்ந்து பெற்ற பதக்கத்தை, அவ்வாட்சியை எதிர்த்து நின்ற ஜனங்களிடம் காட்டி வாக்குக் கேட்க இயலாது அல்லவா? ஆகவே ஏறத்தாழ 9 ஆண்டுகளைச் சிறையில் கழித்த காமராஜரும், இரண்டாம் உலக யுத்த காலத்தின் பெரும்பகுதியைச் சிறைக்கொட்டடியில் கழித்த முத்துராமலிங்கத் தேவரும் மக்களிடம் பெற்ற மரியாதை, வேறு தேசங்களில் போர்முனை கண்டவருக்குக் கிட்டும் மரியாதையை ஒத்ததாயிற்று. மரியாதை எங்கே உண்டோ அங்கே தகராறும் உண்டு. 1976 இல் நெருக்கடிநிலையின்போது மு.க. ஸ்டாலின் சிறைப்பட்டது மிசா சட்டத்தின் கீழ்தானா என்று 2019 இல் அன்றைய அமைச்சர் ஒருவர் கேள்வி எழுப்ப, நாற்பதாண்டுகளுக்கு முந்திய சிறைக் காகிதங்கள் பத்திரிகைகளில் வாதத்துக்கு வந்தன. சென்னை மத்தியச் சிறையில் அக்காலத்தில் நிகழ்ந்த அடிதடிகளை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்ததும், அங்கே அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிர் நீத்ததும் அரசாங்கப் பதிவில் உள்ள சங்கதிகள். கெர்ரியின் பதக்கத்தைப் பற்றிய வழக்கும் இதுவும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மெய்யான போர்வீரர்கள் இந்திய அரசியலில் இல்லாமற் போகவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியத் தளபதியாக 1949 ஜனவரி 15 ஆம் நாள் பொறுப்பேற்ற கரியப்பா, 1971 இல் பம்பாயில் மக்களவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்ற கந்தூரி உத்தராகண்டின் முதலமைச்சரானார். எனினும் தேசம் அவரை நினைவுகூர்வது, வாஜ்பாய் அமைச்சரவையில் நெடுஞ்சாலைத் துறையை நடத்திய திறமைக்காக. சேனையில் கற்ற ஒழுங்கு சாலை போடுவதற்கு உதவியிருக்கலாம். ஆனால் அவரை மதிப்பிட்டவர்கள் சாலையைப் பார்த்துத்தான் மதிப்பிட்டார்கள். அதுவே நியாயமான முறை.

மதுரை மண்ணுக்கு வந்தால், ‘கேப்டன்’ என்ற சொல் கேட்டதும் எந்தக் குழந்தைக்கும் நினைவுக்கு வருகிறவர் விஜயகாந்த். மதுரையில் வளர்ந்து, 2005 செப்டம்பரில் அங்கேயே தம் கட்சியைத் தொடங்கி, 2011 இல் எதிர்க்கட்சித் தலைவர் ஆசனம் வரை சென்ற அவருக்கு அப்பட்டத்தை அளித்தது எந்த ராணுவமும் அன்று; 1991 இல் வெளிவந்த ‘கேப்டன் பிரபாகரன்’ என்ற திரைப்படம். அதிலும் அவர் ஏற்ற வேடம் காட்டிலாகா அதிகாரி! இதைச் சொல்லி அவரை இகழ்வது என் நோக்கமன்று; பசியோடு வந்தவருக்குச் சோறிட்டவர் என்ற கீர்த்தி அவருக்கு உண்டு, அது இரவல் கீர்த்தியும் அன்று. நம் அரசியல் சாசனத்தின் 18 ஆம் விதி, ராணுவச் சிறப்பும் கல்விச் சிறப்பும் நீங்கலாக வேறெந்தப் பட்டத்தையும் அரசு வழங்கலாகாது என்று தடுத்திருக்கிறது. பாரத ரத்னாவைக்கூடப் பெயருக்கு முன்னோ பின்னோ ஒட்டிக்கொள்ளலாகாது என்று 1995 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஜனங்கள் வழங்கும் பட்டத்துக்கு எந்த விதி குறுக்கே நிற்கும்? சாசனம் மூடிய கதவுக்கு வெளியே, சுவரொட்டிகளில் தளபதிகளும் மாவீரர்களும் நாள்தோறும் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நிஜமாகவே அப்பதவிப் பெயருக்கு உரியவராய், நிஜமாகவே அரசியலிலும் நின்றவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். திண்டுக்கல் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், 1952 இல், அத்தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குச் சென்றவர் அம்மு சுவாமிநாதன். அவருடைய புதல்வி லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறி, சிங்கப்பூருக்குச் சென்று வைத்தியம் செய்துகொண்டிருந்தார். 1943 இல் நேதாஜி அங்கே வந்து, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, அதற்குத் தலைமை தாங்கினார். அச்சேனையில் அவர் லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்தும், ஜனங்களின் நாவில் ‘கேப்டன் லட்சுமி’ என்றே நிலைத்துவிட்டார். பர்மாவில் பிடிபட்டு 1946 மார்ச்சில் விடுதலையான பின், கான்பூரில் ஏழைப் பிரசவங்களைப் பார்த்துக்கொண்டே பல்லாண்டு வாழ்ந்து, மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்து, மாநிலங்களவை உறுப்பினராகி, 2002 இல் 87 ஆம் வயதில் இடதுசாரிகளின் வேட்பாளராக ஜனாதிபதி தேர்தலில் நின்றார். எதிரே நின்றவர் ராமேசுவரத்து அப்துல் கலாம். ஏவுகணை செய்தவரும் துப்பாக்கி ஏந்தியவரும் மோதிய அத்தேர்தலில், எண்ணிக்கையின் கணக்குப்படி கலாம் எளிதில் வென்றார். லட்சுமியின் போர்க்காலப் பணியை இகழ்ந்தவரும் இல்லை, அதற்காக வாக்களித்தவரும் அதிகம் இல்லை.

அவருடைய படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக் கூலி வாங்கிய தமிழ்ப் பெண்கள். பாரத தேசத்தைக் கண்ணால் கண்டிராமலே அதன் விடுதலைக்காகப் பெயர் கொடுத்தவர்கள் அவர்களில் பலர். இம்பால் போர்முனையில் நேருக்கு நேர் நின்று சுடும் வாய்ப்பு அப்படைக்குக் கிட்டவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வாய்த்தது மேமியோவில் காயமுற்றோரைப் பேணிய ஊழியமும், 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பாங்காக் நோக்கி, ஆகாய விமானங்களின் குண்டுகளுக்கு ஒளிந்து ஒளிந்து, மழையிலும் சேற்றிலும் நடந்த நெடும்பயணமும். அப்பின்வாங்கலின்போது ரயிலில் வந்துகொண்டிருந்த ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் சுடப்பட்டு மாண்டார்கள். பதினெட்டு வயதில் தம் காதணிகளைக் கழற்றி நேதாஜியிடம் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்த கோலாலம்பூர் ஜானகி, அதில் உயர்ந்த பொறுப்பு வகித்து, பிற்காலத்தில் மலேசிய நாடாளுமன்ற மேலவையின் உறுப்பினரானார். இந்திய அரசு 2000 இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. தோட்டத்துக்குத் திரும்பி மறுபடி பால்வாளியைத் தூக்கியவர்களுக்கு எவரும் எதுவும் அளிக்கவில்லை.

இங்கேதான் விஷயம் கடினமாகிறது. 1942 பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் 40,000 பேருக்கு மேல். அவர்களில் ஒரு பெரும்பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மற்றவர்கள், எடுத்த சத்தியத்தை மீறமாட்டோம் என்று மறுத்து, ஜப்பானியரின் முகாம்களில் வாடினார்கள். சிலர் நியூ கினித் தீவுவரை கொண்டு செல்லப்பட்டு மடிந்தார்கள். யார் வீரர்? சேர்ந்தவர் தேசத்துக்காகச் சேர்ந்தார். மறுத்தவர் வாக்குக்காக மறுத்தார். சோற்றுக்காகச் சேர்ந்தவரும், அச்சத்தால் மறுத்தவரும் இரு பக்கமும் இருந்திருப்பார்கள். அதற்கும் மேலே ஒரு நெருடல்: ராணிப் படைக்குப் பெண்களை அனுப்பிய அதே தோட்டங்களிலிருந்து, நேதாஜியின் நேசநாடான ஜப்பான், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தமிழ்க் கூலிகளை ஆயிரக்கணக்கில் இழுத்துச் சென்று காட்டில் சாகவிட்டது. வீரப் படலத்தைப் பாடுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விடலாகாது என்பது என் கட்சி.

1945 நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குருபக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீதும் விசாரணை தொடங்கியபோது தேசமே அவர்களுக்காகக் கொந்தளித்தது. நேருவே வக்கீல் அங்கி அணிந்து வந்தார். ஆயினும் சுதந்திரம் பெற்ற அரசாங்கம் அந்த ராணுவத்தின் வீரர்களைத் திரும்பத் தன் சேனையில் சேர்த்துக்கொள்ளவில்லை. சத்தியத்தை ஒருமுறை மீறியவர் மறுமுறையும் மீறக்கூடும் என்பது ராணுவத்தின் தர்க்கம். 1972 இல்தான் மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியம் தொடங்கி, அவர்களும் அதற்கு உரியவராயினர். அம்மூவருள் ஷா நவாஸ் கான் மட்டும் 1952 முதல் மக்களவைக்குச் சென்று துணையமைச்சருமானார்.

இத்தகைய வழக்குகளைத் தீர்க்க ஓர் அளவுகோல் வேண்டுமானால், அது எழுமலையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. வடக்கே, வைகைக் கரையில், ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில் 2006 இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள், கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர் கூறுவர். அவற்றுள் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் பொறித்திருப்பது இவ்வளவே: கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். மாவீரன் என்ற அடைமொழி இல்லை. எத்தனை பேரைக் கொன்றான் என்ற பெருமையும் இல்லை. ஆளின் பெயர், ஊர், நிகழ்ந்த செயல் ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டு எழுதியவன் உளியைக் கீழே வைத்துவிட்டான். அதே மரபில்தான் பெருங்காமநல்லூரின் நினைவுத் தூணும் நிற்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை பதிக்க மறுத்து, 1920 ஏப்ரல் 3 ஆம் நாள் போலீசின் துப்பாக்கிக்கு இரையான 16 பேரும் எந்தச் சேனையிலும் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. அவர்களை வீரர் என்று அழைக்க எந்தக் கட்சியும் தயங்கியதில்லை, எவரும் அதை மறுத்து வாதிட்டதுமில்லை.

வாதம் எழுவதெல்லாம் பட்டம் முன்னே வந்து செயல் பின்னே தேடப்படும் இடத்தில்தான். உடுப்பணிந்து நாட்டுக்கு உழைத்தவரை வணங்குவோம். அவர் வாக்குக் கேட்டு வந்தால், சாலைக்கும் தண்ணீருக்கும் பள்ளிக்கும் என்ன செய்வார் என்று மற்றவரைக் கேட்பது போலவே அவரையும் கேட்போம். உடுப்பணியாதவரைக் கோழை என்று ஏசுவதற்கு மேடையில் நிற்பவருக்கு ஓர் அதிகாரமும் இல்லை.

எழுமலை வட்டாரத்து வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். மலேயாவுக்குக் கப்பலேறிப் போய் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களும், அதில் சேர மறுத்து முகாமில் கிடந்தவர்களும் உங்கள் குடும்பங்களில் இருந்திருந்தால், அவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதை, அடைமொழி எதுவும் சேர்க்காமல், பெயரும் ஊரும் அவர்கள் செய்ததும் விளங்கும்படி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.