சபையோம்: ஊர்ப்பணி அறிவிப்புகளில் செய்வோரைச் சுட்டும் சொல்

ஊர்ப் பொதுப்பணிகளைப் பற்றி ஊரார்க்கு அறிவிக்கும் எழுத்து, தமிழில் ஆயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட வரலாறு உடையது. ஏரிக்கரையை உயர்த்தியதும், தூம்பைச் செப்பனிட்டதும், அதற்கெனப் பொன் ஒதுக்கியதும் ஒரு காலத்தில் கல்லில் பொறிக்கப்பெற்றன. இன்று பணிவிவரப் பலகையிலும் கிராம சபை அறிக்கையிலும் எழுதப்பெறுகின்றன. முன்னதை வரலாற்றாரிடமும் பின்னதை அலுவலரிடமும் விட்டுவிடுதல் இலக்கிய மாணாக்கர் வழக்கமாயிற்று. ஆயின் இரண்டும் தமிழ் உரைநடையே. அவ்வுரைநடை, பணியைச் செய்தவர் யார் என்பதை எவ்வாறு சொல்லுகின்றது, எவ்வாறு சொல்லாது விடுகின்றது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வினா இலக்கணத்தைச் சார்ந்தது. விடையோ ஊர்ப்பணத்தையும் ஊர்நீரையும் தொடுவது.

ஆய்விற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரை எடுத்துக்கொள்வோம். முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 921) பொறித்த இரு கல்வெட்டுகள், இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் எனப்படும் கட்டடத்தில் உள்ளன. அது சபை கூடிய மண்டபமாக இருந்ததென்பர் ஆய்வாளர். குடவோலை முறையை விரித்துரைப்பன இவையே. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் இவ்வூரின் பெயர் ஒலித்தது. மேடைகளில் குடியாட்சியின் தொட்டில் என்று இதனைப் போற்றுவோர், கல்வெட்டின் முற்பகுதியைக் கூறிப் பிற்பகுதியை விட்டுவிடுதலே மிகுதி. நமக்கு வேண்டுவது பிற்பகுதியே.

முற்பகுதிச் செய்தி பலரும் அறிந்ததாதலின் சுருங்கக் கூறுதும். ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு தோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிப்பர். இவ்வாறு அமைந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியராவர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்பனவும் உண்டு. பணிக்காலம் 360 நாள். வாரியம் செய்து ஒழிந்தவர் மூன்றாண்டு கடவாமல் மீண்டும் அதனுட் புகலாகாது. ஓர் ஏரிக்கென ஆறு பேரைத் தனியே அமர்த்திய ஊர், நீரைப் பற்றி எத்துணை விழிப்போடிருந்தது என்பது தெளிவு. பல்லவர் காலத்தில் அமைந்து வயிரமேக தடாகம் எனப் பெயர் பெற்ற பெரிய ஏரியின் கீழ் வாழ்ந்த ஊர் இது.

இன்றைய ஆட்சித்தமிழில் ‘வாரியம்’ என்னும் சொல் மீண்டும் உயிர் பெற்றுள்ளது. 1971இல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அதற்குச் சான்று. ஆயினும் பொருள் மாறிவிட்டது. கல்வெட்டில் வாரியம் என்பது ஆண்டு கழிந்ததும் கலைந்து, ஆள் மாறி அமைவது. இன்று அது நிலைத்த அலுவலகத்தின் பெயர். சொல் வந்தது, அதனோடு கூடிய கால வரம்பு வரவில்லை.

இனிப் பிற்பகுதி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு யார் யார் குடவோலைக்கு ஆகாதார் என்று பட்டியலிடுகின்றது. அப்பட்டியலில் முதற்கண் வைக்கப்பெற்றவர், வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரே. அவர் மட்டுமல்லர். அவர் தாயின் உடன்பிறந்தார் மக்கள், தந்தையின் உடன்பிறந்தாள் மக்கள், அம்மான், மாமனார், மருமகன் என உறவுமுறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்குகின்றது. பெரும் பாதகம் செய்தாரைப் பற்றிய விதிகளும், பிறர் பொருளைக் கவர்ந்தாரைப் பற்றிய விதியும் அதன் பின்னரே வருகின்றன. ஒருவன் கணக்குக் காட்டாமையால் குற்றமில்லாத உறவினரும் தகுதி இழத்தல் முறையாகுமா என்று இக்காலத்தார் வினவலாம், வினவத் தக்கதே. எனினும் கணக்கு என்னும் ஒன்றிற்கு அவ்வூர் கொடுத்த இடம் இதனால் விளங்கும்.

கணக்கு எழுதுவானைப் பற்றிய விதி இதனினும் நுட்பமானது. நேரிய வழியில் ஈட்டிய பொருளுடையவனே கணக்கெழுதுதற்கு உரியவன். தான் எழுதிய கணக்கைப் பெருமக்களிடம் தானே காட்டி, அது தூயது என்று அவர் ஏற்ற பின்னரே அவன் மீண்டும் கணக்கெழுதலாம். அவன் எழுதிய கணக்கை முடித்துக் காட்ட வேறொரு கணக்கன் புகலாகாது. எழுதியவன் ஒருவன், விடை சொல்பவன் மற்றொருவன் என்னும் நிலைக்கு அவ்வூர் இடந்தரவில்லை.

இக்கருத்தே அக்கல்வெட்டுகளின் வினைமுற்றுகளிலும் புலனாகின்றது. ஆணையைச் சொல்லுவோர் தம்மைச் ‘சபையோம்’ என்றே குறிக்கின்றனர். இவ்வாறு வியவஸ்தை ‘செய்தோம்’ என்று முடிக்கின்றனர். வியவஸ்தை என்பது ஏற்பாடு. ஏற்பாடு ‘செய்யப்பட்டது’ என்று அவர் கூறிற்றிலர். இது உத்தரமேரூர்க்கு மட்டும் உரியதன்று. ‘ஊரோம்’, ‘நாட்டோம்’, ‘நகரத்தோம்’ எனச் சோழர் காலத்து ஊர்க்குழுக்கள் எல்லாம் தம் பெயரிலேயே தன்மைப் பன்மை விகுதியைச் சேர்த்துக்கொண்டன. ஊர் என்பது இடப்பெயர். ஊரோம் என்பது பொறுப்பை ஏற்கும் மாந்தரின் பெயர். எழுதினவனும் மறைந்து நிற்கவில்லை. பெருமக்கள் பணிக்க இதனை எழுதினேன் என்று மத்தியஸ்தன் காடாடிப் போத்தன் தன்மை ஒருமையில் தன்னைக் காட்டிக்கொள்ளுகின்றான். ஆயிரத்து நூறாண்டு கழிந்தும் அவன் பெயர் நமக்குத் தெரிகின்றது.

ஈண்டு ஒன்று நினைவிற் கொள்ளல் வேண்டும். இவ்வேற்பாடு அரசன் ஆணைப்படி, அவன் அலுவலர் உடனிருக்க நடந்தது. 919இல் தத்தனூர் மூவேந்த வேளானும், 921இல் சோமாசிப் பெருமானும் வந்திருந்தனர். அரசன் ஏவ, அலுவலன் அருகிருக்க, ஆயினும் ‘செய்தோம்’ என்று சபை தன்மேல் ஏற்றிக்கொண்டது. இரண்டே ஆண்டில் அவ்விதிகளைத் திருத்தியதையும் அதே சுவரில் அறிவித்தது. முன்னையதை அழித்துவிட்டுப் பின்னையதை எழுதவில்லை. ஆதலின் இரண்டையும் ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு இன்றும் நமக்குண்டு.

இனி அவ்விகுதியின் மறுபக்கம். தன்மைப் பன்மை, தன்னோடு பிறரை உளப்படுத்துவது. யாரை உளப்படுத்தும் என்பதில் நம் இலக்கணம் வேறுபாடு காண்கின்றது. அம், ஆம் என்பன முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் நன்னூலார் வகுத்தார். நன்னூல் இக்கல்வெட்டுகளுக்குப் பிற்பட்டது. தொல்காப்பியர் கூறிய விகுதிகளில் ஓம் இல்லை. ஆதலின் நூற்பாவைக் கொண்டு கல்வெட்டை அளப்பதில் எச்சரிக்கை வேண்டும். ஆயினும் பொருத்தம் வியக்கத்தக்கது. ‘சபையோம்’ என்பது சொல்லுவாரையும் அவரைச் சார்ந்தாரையும் அடக்கும், கேட்பாரை அடக்காது. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு ‘எங்களூர்’ என்றே கூறுகின்றது. ‘நம்மூர்’ என்று கூறவில்லை.

யார் அந்த நாங்கள்? இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமுடையவர், தம் மனையில் தாம் எடுத்த வீட்டில் வாழ்பவர், வயது 35க்கு மேல் 70க்கு உட்பட்டவர், வேதப் பயிற்சியுடையவர். நிலம் அரைக்கால் வேலியே ஆயினும் ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லராயின் அவர்க்கும் இடமுண்டு. உத்தரமேரூர் பிரமதேய ஊர். அந்நிலத்தை உழுதவர்க்கும், ஏரியில் இறங்கி மண் எடுத்தவர்க்கும், பெண்டிர்க்கும் குடத்தில் ஓலை இல்லை. அவர்கள் அக்கல்வெட்டின் முன்னிலையாரும் அல்லர் என்றே கருதற்கு இடமுண்டு. வடசொற்களைக் கிரந்த எழுத்திற் கலந்து எழுதிய அவ்வாசகம் அவர்களை நோக்கிப் பேசவில்லை. குடியாட்சி என்று இதனைப் புகழ்வோர் ஓம் விகுதியின் எல்லையை நினைவிற் கொள்வாராக.

இக்காலத்திற்கு வருவோம். அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதன் வழி எழுந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், வாக்காளர் பட்டியலிற் பெயருள்ள அனைவரையும் கிராம சபையின் உறுப்பினராக்கியது. நிலம், மனை, கல்வி எதுவும் தகுதியாகக் கேட்கப்படவில்லை. உள்ளாட்சிப் பதவிகளில் பெண்டிர்க்குப் பாதி இடம் என்னும் விதி 2016இல் தமிழ்நாட்டில் வந்தது. ஆண்டில் நான்கு நாள் கூடிவந்த கிராம சபைக்கு 2022இல் மார்ச்சு 22ஆம் நாளும் நவம்பர் 1ஆம் நாளும் சேர்க்கப்பெற்று ஆறாயின. உத்தரமேரூர் பேரூராட்சியாதலின் அதற்குக் கிராம சபை இல்லை. சூழவுள்ள ஊராட்சிகளுக்கே உண்டு. சபைக்குப் பெயர்போன ஊரில் சட்டப்படியான கிராம சபை கூடுவதில்லை என்பது வரலாற்றின் விளையாட்டுப் போலும்.

சபை இவ்வாறு விரிந்தது. அதன் உரைநடையோ வேறு வழியிற் சென்றது. ஊராட்சி அறிவிப்புகளிலும் பணி அறிக்கைகளிலும் இன்று நாம் காணும் வினைமுற்றுகள் எவை? ‘தூர்வாரப்பட்டு வருகிறது’, ‘நிதி ஒதுக்கீடு செய்யப்பட்டுள்ளது’, ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’, ‘பணி விரைவில் முடிக்கப்படும்’ என்பன போல்வனவே. யார் தூர்வாருகின்றார்? யார் ஒதுக்கினார்? யார் முடிப்பார்? வாக்கியத்தில் எழுவாய்க்கு உரிய இடத்தில் பணி அமர்ந்திருக்கின்றது, செய்வோர்க்கு இடமில்லை. ‘முடிக்கவில்லை’ என்று குறைகூற ஊரார் எழுந்தால், அக்குறையைச் சுமத்துதற்கு வாக்கியத்தில் ஆள் இல்லை.

இதனை முற்றும் ஆங்கில அலுவல் நடையின் வரவு என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் முழுதும் உண்மையன்று. செயப்படுபொருளையே செய்தது போலக் கூறுதல் தமிழ் வழக்கு என்று தொல்காப்பியரே உடன்பட்டார். ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. திண்ணையை மெழுகியவள் வாக்கியத்தில் இல்லை. வீட்டில் அவள் யாரென்று எல்லோரும் அறிவர். செய்வோர் தெரிந்த இடத்தில் அவரைச் சொல்லாது விடுதல் சுருக்கம். தெரியாத இடத்தில் விடுதல் மறைப்பு. படு விகுதி புதியதன்று. அது நிற்கும் இடம் புதியது. 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின், ஆங்கிலக் கோப்புகளை வரிக்கு வரி தமிழாக்கிய காலத்தில் இந்நடை வேரூன்றியது என்பது என் கருத்து. கலைச்சொல்லுக்குக் காட்டிய அக்கறையை வினைமுற்றுக்கு அன்று யாரும் காட்டவில்லை.

செய்வோர் வெளிப்படுதற்கு வாய்ப்பான திட்டங்கள் இல்லாமற் போகவில்லை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17ஆம் பிரிவால் பணிகளின் சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடமே ஒப்படைத்தது. கணக்குக் காட்டுதல் என்னும் பழைய கடமையின் மறுபிறவி அது. 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலத்தில் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில், பாசனதாரர் சங்கங்களே பணியை ஏற்று, செலவில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ தருதல் விதியாயிற்று. குடி என்னும் தமிழ்ச்சொல்லும் மராமத்து என்னும் அரபுச்சொல்லும் கூடிய அத்தொடரில், செப்பனிடுவார் குடிகளே என்பது சொல்லிலேயே அடங்கியுள்ளது. அதனைப் பற்றிய செய்திகளோ பெரும்பாலும் ‘ஏரிகள் புனரமைக்கப்பட்டன’ என்றே வந்தன.

அறிவிப்பைச் சுமந்து சென்றவனைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். ஊர்ச்செய்தியைத் தண்டோரா அடித்து அறிவித்தவர், பெரும்பாலும் அச்செய்தியை முடிவுசெய்த குழுவில் இடம்பெறாத சாதியினர். பிறர் ‘ஓம்’ என்று கூறியதை அவர் தெருத்தெருவாகச் சொல்லி வந்தார். 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு தண்டோரா அடிக்கும் வழக்கத்தை நிறுத்தி, ஒலிபெருக்கி பூட்டிய வண்டிகளைக் கொள்ளுமாறு பணித்தது. செய்யத்தக்கதே. இனி ஒலிபெருக்கியில் வரும் வாக்கியம் எவ்விடத்து வாக்கியம் என்பதே எஞ்சி நிற்கும் வினா.

இக்காலத் தமிழில் வினைமுற்றின் ஓம் விகுதி இருவகை உளப்பாட்டிற்கும் பொதுவாயிற்று. வேறுபாடு பெயரில் மட்டும் நிற்கின்றது. ஆதலின் கிராம சபைத் தீர்மானம் எழுதுவார் ‘தீர்மானித்தோம்’ என்று முடித்தால் மட்டும் போதாது. எழுவாயையும் தேர்ந்துகொள்ளல் வேண்டும். மதகைச் சீர்செய்து தருமாறு மாவட்ட ஆட்சியர்க்கு அத்தீர்மானத்தை விடுக்கும்போது, கேட்பவர் புறத்தே நிற்றலின், ‘நாங்கள்’ என்பதே வழுவற்றது. அம்மதகிற்கு ஆன செலவை அடுத்த கூட்டத்தில் ஊரார் முன் படிக்கும்போது, கேட்பாரும் சபையினரே ஆதலின், ‘நாம்’ என்றல் வேண்டும். பணியை மேற்பார்த்தவரும் பணத்தைப் பெற்றவரும் அவ்வாக்கியத்தை அடுத்துத் தத்தம் பெயரோடு படர்க்கையிற் சுட்டப்பெறல் வேண்டும்.