கூலி கூடினால் கையில் நிற்குமா? – வெளி மாநிலம் போகும் முன் ஒரு கணக்கு



எங்கள் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒரு குழுவிலிருந்து கடன் மனு ஒன்று வந்தது. தொகை 40,000 ரூபாய். "எதுக்கும்மா இந்தக் கடன்? மாடா, கடையா?" என்று கேட்டோம். "இல்லக்கா, பெங்களூர்ல வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணும். நானும் அவரும் கட்டட வேலைக்குப் போறோம். அங்க அவருக்கு 800, எனக்கு 500. இங்க எனக்கு 300 கூட நிச்சயமில்ல" என்றார் அந்த உறுப்பினர்.

கூட்டத்தில் இரண்டு பேச்சு வந்தது. "போறவங்களுக்குக் கடன் குடுத்தா திரும்ப யார் கட்டுவாங்க?" என்று சிலர். "பிழைக்கப் போறவளைத் தடுக்கலாமா?" என்று சிலர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதலில் வேண்டியது கணக்கு. அந்தக் கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

மக்கள் ஏன் மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்கள்?

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, முன்பு இருந்த ஊரை விட்டு வேறு ஊரில் வாழ்பவர்கள் நம் நாட்டில் சுமார் 45 கோடிப் பேர். இதில் பெண்களில் பெரும்பாலானவர்கள் கல்யாணமாகி வந்தவர்கள். நம்மில் எத்தனை பேர் பிறந்த ஊரிலேயே இருக்கிறோம்? வேறு மாநிலத்துக்கே போனவர்கள் சுமார் 5 கோடியே 40 லட்சம் பேர். இவர்களில் ஆண்கள் அதிகம் போவது வேலைக்காக.

காரணம் கூலி வித்தியாசம். 100 நாள் வேலைக்கு மத்திய அரசு அறிவித்த நாள் கூலியைப் பாருங்கள். 2024-25ஆம் ஆண்டில் பீகாரில் 245 ரூபாய், ஒடிசாவில் 254, தமிழ்நாட்டில் 319, கேரளாவில் 346, கர்நாடகத்தில் 349. ஒரே நாடு, ஒரே வேலை, கூலி மட்டும் வேறு. வெளிக் கூலியில் இடைவெளி இன்னும் பெரிது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்குப்படி, விவசாயக் கூலி மத்தியப் பிரதேசத்தில் சராசரி 229 ரூபாய், கேரளாவில் 764 ரூபாய். அதனால்தான் பீகார், ஒடிசா ஆட்கள் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வருகிறார்கள். நம் ஆட்கள் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் போகிறார்கள்.

வரிக்காக யாராவது ஊர் மாறுவார்களா?

மாறுவார்கள். ஆனால் எல்லா நாட்டிலும் இல்லை.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனியாக வருமான வரி போடலாம். கலிபோர்னியாவில் பெரிய வருமானக்காரர்களுக்கு மாநில வரி மட்டுமே 13.3 சதவீதம் வரை போகும். டெக்சஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது. கலிபோர்னியாவில் வீட்டு விலையும் வாடகையும் மிக அதிகம். அதனால் பல குடும்பங்கள் டெக்சஸுக்குக் குடிபெயர்ந்தன. 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு கலிபோர்னியாவுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு இடம் குறைந்தது, டெக்சஸுக்கு இரண்டு இடம் கூடியது. ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு உண்டு. டெக்சஸில் சொத்து வரி அதிகம். ஒரு கையில் விட்டதை இன்னொரு கையில் வாங்கிவிடுகிறார்கள்.

நம் நாட்டில் சம்பளத்துக்கான வருமான வரி மத்திய அரசின் வரி. சிக்கிம் மக்களுக்கும் வடகிழக்கில் சில பழங்குடி மக்களுக்கும் விலக்கு உண்டு. மற்றபடி தர்மபுரியில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் ஒரே விகிதம்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சோப்பு, தேங்காய் எண்ணெய், பற்பசைக்கும் நாடு முழுவதும் ஒரே வரி. பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றுக்குத்தான் மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறுகிறது. புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்று பக்கத்து மாவட்டத்து வண்டிகள் அங்கே போய் நிரப்புவது இதனால்தான். ஆனால் அதற்காக யாரும் வீட்டைக் காலி செய்துகொண்டு போவதில்லை.

அப்படியானால் நம் நாட்டில் வரிக்கும் இடப்பெயர்ச்சிக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் சுற்றி வருகிறது. 2003இல் இமாச்சலப் பிரதேசத்துக்கும் உத்தராகண்டுக்கும் மத்திய அரசு தொழிற்சாலை வரிச் சலுகை கொடுத்தது. மருந்துக் கம்பெனிகள் பல பத்தி, ஹரித்துவார் பக்கம் போய் ஆலை கட்டின. ஆலை போன இடத்துக்கு உத்தரப் பிரதேசம், பீகார் தொழிலாளர்கள் போனார்கள். வரி முதலில் கம்பெனியை நகர்த்தியது. கம்பெனி ஆட்களை நகர்த்தியது.

நம்மைப் போன்ற கூலிக் குடும்பத்துக்கு வரியை விடப் பெரிய விஷயம் விலைவாசி. அதை விடப் பெரிய விஷயம், மாநில எல்லையைத் தாண்டும்போது கையை விட்டுப் போகும் சலுகைகள்.

எல்லை தாண்டினால் எது வரும், எது வராது?

ரேஷன்: 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. உங்கள் கார்டில் பி.எச்.எச். அல்லது ஏ.ஏ.ஒய். என்று இருந்தால் வேறு மாநிலத்திலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். குடும்பத்தில் பாதிப் பேர் அங்கே இருந்தால் அவர்கள் பங்கை அங்கேயும், மீதியை ஊரிலும் வாங்கலாம். ஆனால் என்.பி.எச்.எச். கார்டுக்கு இது கிடையாது. நம் மாநிலம் தனியாகக் கொடுக்கும் துவரம் பருப்பும் பாமாயிலும் அங்கே கிடைக்காது. போகும் முன் கார்டில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

பஸ்: தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடகத்திலும் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு இலவசம். ஆனால் அங்கே குடியிருப்பதற்கான கர்நாடக முகவரி அடையாளம் வேண்டும். தமிழ்நாட்டு முகவரி உள்ள ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும்.

கரண்டு: ஊரில் நம் பெயரில் இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வாடகை வீட்டில் ஓனர் சொல்வதுதான் யூனிட் விலை.

நல வாரியம்: பெரிய கட்டடம் எது கட்டினாலும் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல வரியாக வசூலாகிறது. அந்தப் பணம் அந்தந்த மாநில வாரியத்துக்குப் போகும். பெங்களூர் கட்டடத்தில் நீங்கள் சுமக்கும் கல்லுக்கான வரி கர்நாடக வாரியத்தில் சேரும். அங்கே பதிவு செய்யாவிட்டால் அதில் உங்களுக்கு ஒரு பைசா இல்லை. 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் பதிவு செய்யலாம். நம்மில் பல பெண்கள் சித்தாளாகப் பல வருடம் வேலை செய்தும் பதிவு செய்வதில்லை. "அவர் பேர்ல இருக்கே" என்று விட்டுவிடுகிறோம்.

இப்போது கணக்கைப் போடுவோம்

அந்த உறுப்பினரை உட்கார வைத்து நோட்டில் எழுதினோம். இது ஒரு உதாரணம்தான். உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள்.

ஊரில்: கணவருக்கு 600 ரூபாய், அவருக்கு 300. மாதம் 15 நாள் வேலை. வரவு 13,500. சொந்த வீடு, வாடகை இல்லை. அரிசி ரேஷனில். மளிகை, காய்கறி 4,000. கேஸ் 500. பிள்ளைகள், மருந்து, போன் 1,500. செலவு 6,000. மிச்சம் 7,500.

பெங்களூரில்: 800 மற்றும் 500. மாதம் 24 நாள் வேலை. வரவு 31,200. வாடகை 6,000. தண்ணீர், கரண்டு 1,000. அரிசி, மளிகை, காய்கறி 8,000. பஸ் 1,500. கேஸ் 1,000. வேலை இடத்தில் டீ, டிபன் 1,500. ஊருக்கு வந்து போக 1,500. பிள்ளைகள், மருந்து, போன் 2,000. செலவு 22,500. மிச்சம் 8,700.

வரவு இரண்டு மடங்குக்கும் மேல். மிச்சத்தில் வித்தியாசம் 1,200 ரூபாய்தான். அட்வான்ஸ் 40,000 ரூபாயை வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி எவ்வளவு? அதே 1,200. அப்புறம் போய் என்ன மிச்சம்?

"அப்போ போக வேணாம்னு சொல்றீங்களா?" என்று அவர் கேட்டார். இல்லை. அடுத்த வரியைப் பாருங்கள் என்றோம். ஊரில் மாதம் 15 நாள் வேலை என்று போட்டிருக்கிறோம். மழை இல்லாத காலத்தில் 6 நாள்தான் வேலை என்றால் வரவு 5,400. செலவு 6,000. மாதம் 600 ரூபாய் கடன். அப்போது போவதுதான் சரி.

இதிலிருந்து தெரிவது என்ன? ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. மாதம் எத்தனை நாள் வேலை, மாதக் கடைசியில் கையில் எவ்வளவு என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கில் வராத செலவு

வாடகையை மிச்சம் பிடிக்க வேலை நடக்கும் இடத்திலேயே ஷெட்டில் தங்குபவர்கள் உண்டு. மாதம் 6,000 மிச்சமாகும். ஆனால் அந்த இடத்தில் கழிப்பறை இருக்கிறதா? பொம்பளைப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? ஒரு கட்டடம் முடிந்து அடுத்த கட்டடத்துக்குப் போகும்போது பள்ளிக்கூடம் என்ன ஆகும்? தமிழில் படித்த பிள்ளை திடீரென்று கன்னட வகுப்பில் உட்கார்ந்தால் பல நேரம் படிப்பு நின்றே போகிறது. இந்தச் செலவை எந்த நோட்டில் எழுதுவது?

இன்னொன்று, மேஸ்திரி கொடுக்கும் முன்பணம். வாங்கிய பணம் தீரும் வரை போக விடமாட்டேன் என்று சொல்வது கொத்தடிமை முறை. அது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முன்பணம் வாங்கினால் எவ்வளவு, எப்படிக் கழிப்பது என்று எழுதி வாங்குங்கள். மேஸ்திரியின் முகவரியை உங்கள் குழுவில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

என்ன முடிவானது?

அடுத்த வாரம் அந்த உறுப்பினர் தன் வீட்டுக் கணக்கோடு வந்தார். போன ஆறு மாதத்தில் ஊரில் அவர்களுக்குக் கிடைத்த வேலை சராசரி 7 நாள். போக வேண்டியதுதான் என்று குழுவும் ஒத்துக்கொண்டது. குழுவில் ஒரு வட்டிக்குக் கடன் கொடுத்தால் மாதம் 400 ரூபாய்தான். வெளிவட்டியை விட 800 குறைவு. சேமிப்பையும் தவணையையும் மாதம் 5ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் போட வேண்டும், பத்தாவது படிக்கும் மகள் பரீட்சை முடியும் வரை பாட்டியோடு ஊரிலேயே இருக்க வேண்டும் என்று பேசித் தீர்மானம் எழுதினோம். "கணக்குப் போடாம போயிருந்தா மூணு வட்டிக்கு வாங்கிட்டுத்தான் போயிருப்பேன்" என்றார் அவர்.

உங்கள் குழுவில் பேசுங்கள்

நம் ஊரில் போன வருடம் மாதம் சராசரி எத்தனை நாள் வேலை கிடைத்தது? நம் உறுப்பினர்களில் யார் யார் கார்டு பி.எச்.எச்.? கட்டட வேலை செய்யும் பெண்களில் எத்தனை பேர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்கள்? வெளியூர் போகும் உறுப்பினர் கடனைத் தொடர்ந்து கட்ட என்ன ஏற்பாடு செய்யலாம்?

இந்த நான்கு கேள்விக்கும் பதிலை அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.