உடம்புப்பிடி: வலி குறையுமா? யார் கவனமாக இருக்க வேண்டும்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சுளுக்கு எடுப்பவர் புதியவர் அல்ல. பால் வெட்டப் போனவர் காலை மடக்கிக்கொண்டு வந்தாலும், செம்பனைக் குலை தூக்கியவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டாலும், லயத்தில் ஒரு பாட்டி நல்லெண்ணெயைச் சூடு பண்ணி நீவி விடுவார். இன்று அதே வேலையைப் பேரங்காடியில் உள்ள உடம்புப்பிடி நிலையங்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கின்றன.

பலன் உண்டு. தோலையும் தசையையும் அழுத்தித் தேய்க்கும்போது எழும் தொடு உணர்வு, முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போகும் வலி உணர்வை ஓரளவு மட்டுப்படுத்துகிறது. அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துக்கொள்வதும் இதனால்தான். இறுகிய தசை தளர்கிறது, மனம் அமைதியாகிறது. ஆனால், உடம்பில் உள்ள நச்சு எல்லாம் வெளியேறிவிடும் என்று சில நிலையங்கள் விளம்பரம் செய்வதற்கு ஆதாரம் இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

திடீரென்று வரும் இடுப்பு வலிக்கு, மாத்திரைக்கு முன்பே ஒத்தடம், உடம்புப்பிடி, அக்குபஞ்சர் போன்றவற்றை முயன்று பார்க்கலாம் என அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. உடம்புப்பிடிக்கான ஆதாரம் வலுவானதல்ல என்பதையும் அது மறைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு அது தரும் பட்டியலில் உடற்பயிற்சியும் யோகாவும் இருக்கின்றன, உடம்புப்பிடி இல்லை. வாராவாரம் காசு கொடுத்துப் படுத்துவிட்டு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொடுதலின் பலன் மிகத் தெளிவாகத் தெரிவது பச்சைக் குழந்தைகளிடம்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு நாளுக்கு மூன்று முறை, பதினைந்து பதினைந்து நிமிடம், பத்து நாள் மெதுவாக நீவி விட்டதில், நீவப்படாத குழந்தைகளைவிட அவை 47 விழுக்காடு கூடுதலாக எடை ஏறின என்று 1986-இல் டிஃபனி ஃபீல்டு குழுவினர் வெளியிட்டனர். ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போயின. தாயின் வெறும் மார்போடு குழந்தையை அணைத்து வைக்கும் 'கங்காரு' பராமரிப்பைப் பிறந்த உடனேயே தொடங்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது.

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நம் பாட்டிமார் அப்படியொன்றும் தவறு செய்யவில்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் விட்டுவிட வேண்டும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்.

பெரியவர்களுக்கு உள்ள ஆபத்து வேறு. அறுவை சிகிச்சை, பிரசவம் அல்லது நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்காலில் வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதைச் சுளுக்கு என்று நினைத்து நீவினால், கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே பறிக்கலாம். அந்தக் காலில் யாரையும் கை வைக்க விடாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடுப்பு வலியோடு கால் மரத்து, சிறுநீர் பிரியாமல் போனாலும் அப்படியே.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அப்போது இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடான எண்ணெயோ சூட்டுக் கல்லோ சுட்டாலும் தெரியாது. மறுநாள் கொப்புளம், பிறகு ஆறாத புண். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்கள் அழுத்திப் பிடிக்க விடக்கூடாது. கழுத்தைச் 'சடக்' என்று முறிப்பதை எவருமே அனுமதிக்காமல் இருப்பது நல்லது. அரிதாக அது கழுத்து இரத்தக்குழாயைக் கிழித்துப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

நாட்டில் இதற்கு முறையான வழி உண்டு. 2007-இல் பினாங்கு, கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி, குறிப்பிட்ட சில அரசாங்க மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிந்திய மறுவாழ்வுக்கும் அங்கு உடம்புப்பிடி அளிக்கப்படுகிறது. அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் இதற்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். வெளியே பாரம்பரிய சிகிச்சை எடுப்பவர்கள், சிகிச்சையாளர் 2016 பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று முதலில் விசாரித்து, தங்கள் நோயையும் சாப்பிடும் மருந்தையும் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும்.